வலது சக்கரத்து ஸ்பிளிட் பின்

நேற்று பிற்பகல் உன் மகள் வந்து ஒரு சிகரெட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். உருண்டையான பழைய தகர டப்பா. மூடியின் விளிம்பெல்லாம் துரு. "அங்கிள், அப்பா பீரோவுல மேல்தட்டுல இருந்துச்சு. உங்களுக்குன்னு சீட்டு ஒட்டியிருக்காரு. என்னன்னு நான் திறந்து பாக்கலை" என்றாள். என் மனைவி காப்பி போட எழுந்தபோது, "பேட ஆன்ட்டி, காப்பி வேண்டாம், பஸ்ஸு போயிடும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். சர்ச்சில் உன் நாற்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவள் கண்கள் இன்னும் வீங்கித்தான் இருக்கின்றன.

சீட்டில் என் பெயர் இல்லை. 'புரொபசருக்கு' என்று உன் சாய்ந்த எழுத்து. என்னை அப்படிக் கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். நான் புரொபசராக ஒருநாளும் இருந்ததில்லை. மைசூர்க் கல்லூரி ஒன்றின் பௌதிக ஆய்வகத்தில் டெமான்ஸ்டிரேட்டராகச் சேர்ந்து, டெமான்ஸ்டிரேட்டராகவே ஓய்வு பெற்றேன்.

மூடி எளிதில் வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினேன். முதலில் வந்தது காய்ந்த கிரீஸ் வாசனை. உள்ளே ஒரு துணித் துண்டு. அதற்குள் ஒரு ஸ்பிளிட் பின். சக்கரத்தின் நடு நட்டு கழன்று வராமலிருக்க அதன் குறுக்கே செருகி, கால்களை மடக்கிவிடும் சின்னக் கம்பி. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, என்ன அது?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்லை, கார் சாமான்" என்றேன்.

இந்தக் கடிதத்தை நீ எனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத விஷயம் உன்னிடம்தான் இருந்தது.

நாடு விடுதலை அடைந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன கார் அது. போருக்கு முந்திய இரண்டு இருக்கை வண்டி, மேலே கூரை கிடையாது, பச்சை நிறம். காப்பிக் கம்பெனி குமாஸ்தாவான நீ எப்படியோ பேசி அதை வாங்கி, மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மைசூரில் நம் லஷ்கர் மொஹல்லாவுக்குள் நுழைந்தாய். தெருவே கூடிவிட்டது. "புரொபசர், மூளை உன்னுது, தைரியம் என்னுது. ரெண்டும் சேந்தா இது ஓடும்" என்றாய். நீ சொன்னது போலவே ஓடிற்று.

பெங்களூரைத் தாண்டி, போர்க்காலத்தில் போட்டுப் பிறகு கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே கூடி, தகர டிரம்களை வைத்துப் பாதை வகுத்து, நேரம் பார்த்து ஓட்டுவார்கள். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்குத்தான் ஒன்பது மாதம் அந்தக் காரைத் தயார் செய்தோம். வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்தோம். பிரேக் கட்டைகளுக்குப் புதுப் பட்டை அறைந்தோம். எடை குறையட்டும் என்று முன் மட்கார்டுகளையும் மாற்றுச் சக்கரத்தையும் கழற்றினோம். கல் பட்டு உடைந்தால் சிதறாதிருக்க விளக்குக் கண்ணாடிமேல் காகிதம் ஒட்டினோம். நான்கு பிரேக்குகளும் சமமாகப் பிடிக்கின்றனவா என்று கல்லூரி ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்து இழுத்து அளந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போது வளைவில் பிரேக்கை மிதித்தாய். வண்டி இம்மியும் ஒரு பக்கம் இழுக்கவில்லை. அன்று நீ சிரிக்கவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டாய். அந்தக் கையின் கனம் இன்னும் நினைவிருக்கிறது.

நம் இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டு இருந்தது. செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. செய்தவர் டிக் போட வேண்டும், மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முடுக்கிய நட்டின்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு; கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள். "என்ன புரொபசர், ஆயுத பூஜைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, இப்பவே பொட்டு வைக்கிறே?" என்று கிண்டல் செய்வாய். ஆனால் நோட்டில் எழுதாமல் யாரும் எதையும் தொடக் கூடாது என்ற விதிக்கு நீயும் சம்மதித்தாய். கை கொடுத்துச் சம்மதித்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல் நாளே தொண்ணூறு மைல் ஓட்டிப் போய் உன் சித்தப்பா வீட்டில் தங்கினோம். காலையில் ஓடுதளத்தில் முன் சக்கரங்கள் இரண்டின் நடு மூடியையும் திறந்து, கிரீஸ் வைத்து, நட்டை முடுக்கி, தீப்பெட்டியில் கொண்டுவந்திருந்த இரண்டு புதுப் பின்களைச் செருகினேன். அல்லது செருகியதாக நினைத்தேன். ஐம்பது ஆண்டுகளாக இந்த வாக்கியத்தை இப்படித்தான் முடித்து வந்திருக்கிறேன்.

நீ பக்கத்தில் நின்று, "வலது பக்கம் கொஞ்சம் பிடிக்குதுப்பா. அரைச் சுத்து தளத்தி விடேன்" என்றாய்.

இரண்டு சக்கரங்களின் நடுவையும் தொட்டுப் பார்த்தேன். "சூடு ரெண்டுலயும் சமமாத்தான் இருக்கு. இனிமே எதையும் தொட வேண்டாம்."

"உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம். உலை கொதிச்சிடுச்சான்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாப்பே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிற்பகல் சுற்றில் ஓட்ட வேண்டியவன் நான். அதை நினைத்து விடிந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். நோட்டில் டிக் போட்டேன். உன் கையெழுத்துக்கு நீட்டினேன். "வந்து போடறேன், நீ போய் நம்பர் அட்டை வாங்கிட்டு வா" என்றாய். போனேன். வரிசையில் கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது நீ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விசிலடித்தபடி நின்றாய். உன் விரல்களில் கிரீஸ் இருந்தது. பார்த்தேன். உன் விரல்களில் எப்போதும்தான் கிரீஸ் இருக்கும்.

நீ ஓட்டிய மூன்றாவது சுற்று, தூரத்து வளைவு. வலது முன் சக்கரம் தனியாகக் கழன்று வண்டிக்கு முன்னால் ஓடியது. ஒரு கணம் அது யாருடைய சக்கரம் என்றே எனக்குப் புரியவில்லை. பிறகு வண்டி மூக்கைத் தரையில் குத்திப் புரண்டது. நான் ஓடினேன். ஓடும்போதே, பிற்பகல் நான் ஓட்ட வேண்டியதில்லை என்று மனத்தின் ஒரு மூலை நிம்மதி கொண்டது. அந்த நிம்மதியை யாரிடமும் நான் சொன்னதில்லை.

உன்னை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, வண்டிகளைச் சோதிக்கும் பொறுப்பிலிருந்த ஓய்வுபெற்ற மேஜர் அச்சின் முனையைக் குனிந்து பார்த்தார். சென்னைப் பக்கத்துக்காரர்.

"இந்தப் பக்கம் யார் டைட் பண்ணது?"

"நான்தான் சார்."

"இடது பக்கம் ஸ்பிளிட் பின் இருக்கு. இங்க இல்லை. உடைஞ்ச துண்டுகூட ஓட்டையில இல்லை. போட்டீங்களா?"

"போட்டேன்... போட்டேன்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறேங்கறது பதில் இல்லை, மிஸ்டர்."

நோட்டைத் திறந்தேன். டிக் இருந்தது. தீப்பெட்டியைத் திறந்தேன். காலியாக இருந்தது. நான் போட மறந்திருந்தால் அதில் ஒரு பின் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலித் தீப்பெட்டியை நான் சாட்சியாக ஏற்கவில்லை. கீழே விழுந்திருக்கும், இருந்த பயத்தில் கவனித்திருக்க மாட்டேன் என்று எனக்கு எதிராக நானே வாதாடினேன். நட்டு புல்லில் எங்கோ போய்விட்டது; தேடியும் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் என்னை உன்னிடம் விட்டார்கள். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, கால் மேலே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரித்து எடுத்த உன் சட்டையும் கைக்கடிகாரமும் ஒரு மூட்டையாகத் தலைமாட்டில் இருந்தன. நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "என் கைதாண்டா உன்னை இப்படிப் பண்ணிச்சு" என்றேன். நீ கூரையைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு என் கையைத் தட்டி, "ஆயித்து பிடு" என்றாய். ஆனது ஆச்சு, விடு. கன்னடத்தில் நீ எல்லாவற்றுக்கும் சொல்வது. "மனுஷன்னா மறதி இருக்கும்ப்பா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை."

அன்று உன்னை ஒரு புனிதரைப் போல நினைத்தேன்.

கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகி, நீ கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாய். கார் பேரீச்சம்பழக்காரனுக்குப் போடும் இரும்பாகப் போயிற்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் நீ கதை சொல்வாய்: "இவன் கையில ஒரே ஒரு பின்னை நம்பிக் குடுத்தேன் பாருங்க..." என்று கைத்தடியால் காலைத் தட்டுவாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவ்வளவு செய்தவனைப் பார்த்து உன்னால் சிரிக்க முடிகிறதே என்று நன்றியோடு சிரிப்பேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது.

விபத்து நடந்து ஓர் ஆண்டுக்குப் பின் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெங்களூரில் விமானம் கட்டும் இடத்தில் பரிசோதகர் வேலை. மற்றவர்கள் முடுக்கியதைப் பார்த்து, சரி என்று கையெழுத்திடும் வேலை. எனக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போன்ற வேலை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உன்னிடம்தான் வந்தேன். நீ முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய்.

"போகலாமாப்பா? நீ சொல்லு. நீ போன்னா போறேன்."

கடிதத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாய். "விமானம்ப்பா, புரொபசர்" என்றாய். பிறகு, என்னைப் பாராமல், "கார்னா ஒருத்தன் காலோட போச்சு" என்றாய்.

அன்று மாலையே மறுத்து எழுதித் தபாலில் சேர்த்தேன்.

நேற்று அந்தப் பின்னை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் போடும் பின்னை எங்கும் அடையாளம் சொல்லலாம். ஒரு காலைப் பாதியில் கத்தரித்துவிடுவேன். நீண்ட காலை நட்டின் தலைமேல் மடக்குவேன். மடக்கிய இடத்தில் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைப்பேன். இந்தப் பின்னில் ஒரு கால் பாதிதான். மற்றக் கால் மடங்கி, பிறகு இடுக்கியால் நிமிர்த்தப்பட்டிருக்கிறது. இடுக்கியின் பல் தடம்கூடத் தெரிகிறது. மடிப்பில் சிவப்பு, ஐம்பது ஆண்டு கழித்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட மறந்த பின்னாக இருந்தால் இப்படி இருக்காது. போட்டிருக்கிறேன். சரியாகப் போட்டிருக்கிறேன். நான் நம்பர் அட்டைக்குப் போன கால் மணி நேரத்தில் நீ அதைக் கழற்றி, அரைச் சுற்று தளர்த்தியிருக்கிறாய். யாராவது கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பின் உன் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. தலைமாட்டில் இருந்த அந்த மூட்டையில், நான் அழுதுகொண்டு நின்றபோது, அது இருந்திருக்கிறது.

மறந்ததற்காக உன்மேல் கோபமில்லை. எனக்கு நீ சொன்ன வார்த்தை உனக்கும் பொருந்தும்: மனுஷன்னா மறதி இருக்கும். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்த நேரத்தில் உனக்கு எல்லாம் நினைவு வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதற்குப் பிறகு வாயைத் திறந்து என்னை மன்னித்தாய். கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும்படி, ஆண்டுக்காண்டு மன்னித்தாய். நான் செய்யாததற்கு நீ தந்த மன்னிப்பை நான் இத்தனை காலம் சுமந்தேன்.

ஏன் தூக்கி எறியவில்லை? குக்கரள்ளி ஏரியில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எறியாமல் வைத்திருந்தது உன் நேர்மையா, அல்லது நான் நேரில் கேட்க முடியாத நாள் வரும்வரை தள்ளிப் போட்டதா? ஒரு வரி எழுதி உள்ளே வைத்திருக்கலாம். புரொபசர் கண்டுபிடித்துக்கொள்வான் என்று என் மூளையை நம்பி விட்டுவிட்டாய் போலிருக்கிறது. மூளை என்னுடையது, தைரியம் உன்னுடையது என்று சொன்னவன் நீ.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த வரியில் என் டிக்கின்மேல் சிவப்புப் பென்சிலால் அடித்து, 'தவறு என்னுடையது' என்று எழுதியிருந்தேன். ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன், காகிதம்தான் மெலிந்தது. பக்கத்தில் உன் கையெழுத்துக்கான கட்டம் அப்படியே காலியாக இருக்கிறது. வந்து போடுகிறேன் என்றாய்.

உன்னைப் போல ஒரே வார்த்தையில் மன்னித்துவிட எனக்கு வரவில்லை. முயன்று பார்ப்பேன் என்று எழுதலாம். பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்று காலை பூசைக்குக் கிளம்பினோம். அந்தப் பின் என் சட்டைப் பையில் இருந்தது. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, கேட் வரை நடந்தேன். வழக்கம் போல அங்கே நின்றேன்.

"பூட்டியாச்சுங்க, நானும் பாத்தேன்" என்றாள் மனைவி. முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்கிறாள்.

"தெரியும்" என்றேன். நிஜமாகவே தெரியும். என் கை ஒன்றையும் மறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி நெஞ்சருகே குத்திக்கொண்டிருந்தது. இருந்தும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

இந்தக் கை இன்னும் உன் பேச்சைத்தான் நம்புகிறது.