தோட்டத்துக்குப் போன கணக்கு டீச்சர்

டெய்ரி ஃபார்ம்,
7 ஆகஸ்ட் 2024

அன்புள்ள உமா,

நலம்தானே? ஒரே தீவில், ஒரே பள்ளியில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பாய். என் விடுப்பைப் பற்றி நேரில் கேட்டால் "பார்க்கலாம்டி", போனில் கேட்டாலும் "பார்க்கலாம்டி". எழுதினால் பதில் எழுதித்தானே ஆக வேண்டும், தலைமை ஆசிரியை அம்மா? பி.எட். ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருந்த உரிமையில் கேட்கிறேன்.

ஜூனில், எனக்கு ஐந்தாம் மாதம், மூன்று மாடி ஏற வேண்டாமென்று பள்ளித் தோட்டத்துக்கு மாற்றினாய். கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது ஆபீஸில் சொல்கிறார்கள்: தோட்டத்தில் இருப்பவர் பாடம் நடத்துவதில்லை, பாடம் நடத்தாதவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க முடியாது, ஒப்பந்தம் இல்லாதவருக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. பிள்ளை எனக்கு, மயக்கம் மேனேஜ்மென்டுக்கு.

நாலாம் வகுப்பு வெண்டைப் பாத்தியை அளந்துதான் பரப்பளவு படித்தது. தினமும் பொறுக்கும் நத்தைகளை எண்ணி வரைபடம் போடுகிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெனிட்டா, "டீச்சர், நேத்து பாரிஷ் ஜாஸ்தி, அதான் நத்தை டபுள்" என்று மழைக்கணக்கு சொல்கிறாள். இது பாடம் இல்லையென்றால் வேறு எது பாடம்?

உன்,
நளினி

மரைன் ஹில்,
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நளினி,

கோபப்படாதே, பி.பி. ஏறும். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். பள்ளி செக்ரட்டரி பிடி கொடுக்கவே மாட்டேன் என்கிறார். ஒரு வழி இருக்கிறது. "உடல்நிலை காரணமாக நானே கேட்டுத் தோட்டத்துக்கு மாறினேன்" என்று ஒரு தாள் தயார் செய்து இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடு. அதைக் காட்டி அடுத்த வருடம் உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன். விடுப்பை இப்போதைக்கு விட்டுவிடு.

குனிந்து களை பிடுங்காதே. மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உமா

டெய்ரி ஃபார்ம்,
14 ஆகஸ்ட் 2024

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். ஊறுகாயையும்.

தோட்டம் வேண்டுமென்று நான் எப்போது கேட்டேன்? கீழ்த்தளத்தில் இரண்டாம் வகுப்பு காலியாக இருந்தது. அதைப் பன்னீர்செல்வம் சாருக்குக் கொடுத்தீர்கள். நேற்று அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஜூனில் மெயின்லேண்டிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வருவதற்கு முன்னால் செக்ரட்டரி, "மேடம், அந்த டீச்சர் வயித்தோட க்ளாஸ்ல நின்னா அச்சா நஹி லக்தா, பாக்க நல்லா இல்ல, பின்னாடி எங்கயாவது போடுங்க" என்றாராம். நீங்கள் "சரி சார்" என்றீர்களாம்.

படிக்கட்டு ஏற வேண்டாம் என்றதை அக்கறை என்று நம்பிய பைத்தியக்காரி நான்.

லேபர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டேன். உங்களிடம் விளக்கம் கேட்பார்கள். நடந்ததை எழுதுங்கள், போதும்.

இப்படிக்கு,
நளினி,
ஒப்பந்த ஆசிரியை

மரைன் ஹில்,
29 ஆகஸ்ட் 2024

நளினி,

விளக்கம் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. நீ கேட்கவில்லை, இன்ஸ்பெக்ஷனுக்காக நான்தான் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறேன். நாற்பது நாளுக்கு மேல் அங்கே கணக்கும் அறிவியலும் நடந்ததை என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். செக்ரட்டரி நகலைப் படித்ததிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த நாற்காலி எத்தனை நாளைக்கோ தெரியாது.

என் பையன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம்வரை முந்தானையை இழுத்துவிட்டே வேலை பார்த்தேன். யாரும் மறைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் மறைத்தேன். அந்தப் புத்திதான் "சரி சார்" என்று சொல்ல வைத்தது. வெட்கமாக இருக்கிறது.

உமா

டெய்ரி ஃபார்ம்,
20 செப்டம்பர் 2024

உமா,

ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தோடு விடுப்பு. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, தீரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பெயர் பதிந்தார்கள். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கௌதமுக்கு பிரசவ வாரம் காம்ப்பெல் பே போகும் கப்பலில் டியூட்டி. அம்மாவால் கடல் தாண்டி வர முடியாது. உன் பெயரைக் கொடுத்தேன். தோழி என்றால் உள்ளே விட மாட்டார்களாம். அக்கா என்று போட்டிருக்கிறேன். கேட்டால் அப்படியே சொல்லு.

நளினி