பதினேழாம் எண்ணுக்கு நேரே

பெரியவளே,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில் இதைத் தொடங்குகிறோம். இங்கே மூன்று பேருக்கும் குறை ஒன்றும் இல்லை, அப்பாவின் முழங்காலைத் தவிர. பேருந்துப் பணிமனைத் தரை ஈரமாக இருக்கும் நாளில் அது தன் வேலையைக் காட்டுகிறது, மற்ற நாளில் சும்மா இருக்கிறது. வழக்கம்போல் நான் சொல்கிறேன், உன் தங்கை எழுதுகிறாள். நான் வாயில் வந்தபடி சொல்வதை அவள் புத்தகத்தில் இருப்பது மாதிரி மாற்றி எழுதிவிடுகிறாள், அதைப் பார்த்து உன் அம்மா படித்தவள் ஆகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு வைத்துவிடுவாய், இது சரிம்மாவில் முடிகிற சங்கதி இல்லை. அதோடு இந்த உறைக்குள் காகிதங்களும் வருகின்றன.

முதலில் வீட்டு விஷயம். கீழே கடையில் இஸ்திரி மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, அப்பா பேருந்தின் பழைய இருக்கைக் கம்பி ஒன்றை அறுத்து வந்து மாட்டிவிட்டார், இப்போது மேசை ஆடவில்லை, ஆனால் அந்தக் கால் மட்டும் பச்சை. பக்கத்து மருந்துக் கடைக்காரர் கடையை அகலப்படுத்தினார், மூன்று நாள் சிமென்ட் தூசி, வெள்ளைத் துணி எதையும் வாங்கவில்லை. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உன் கோட்டின் வலது முழங்கை மட்டும் தேய்ந்து பளபளக்கிறது, அந்தக் கையை ஊன்றித் தலையைத் தாங்கிக்கொண்டுதான் நாளெல்லாம் படிக்கிறாய். முதுகு கூனிவிடும், நிமிர்ந்து உட்கார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. துணியைப் பார்த்தால் ஆள் எங்கே உட்கார்ந்தான், எதில் சாய்ந்தான், நடந்தானா வண்டியில் போனானா என்று சொல்லிவிடுவேன், இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் துணியைத்தானே பார்க்கிறேன். அந்தக் கர்வத்தில்தான் இந்தத் தப்பையும் செய்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான்கு மாதத்துக்கு முன் நீ ஒரு தடித்த உறை அனுப்பினாய். கடைசி வருஷத்தில் எல்லாரும் தனித்தனியாக ஓர் ஆய்வு செய்து கொடுக்கவேண்டும், நீ பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் ஏன் விட்டார்கள் என்பதை எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். பன்னிரண்டு படிவங்கள். நம் தெருவிலும் பின் தெருவிலும் அப்படி விட்ட பன்னிரண்டு பேரை உன் தங்கை நேரில் பார்த்து, தனியாக உட்காரவைத்து, எதற்குக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லி, அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கவேண்டும், நாமாக எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இவள் மூன்று தடவை படிவத்தோடு படியிறங்கினாள், மூன்று தடவையும் அடுத்த வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள், மூன்றாம் தடவை முதல் படிவம் வியர்வையில் நனைந்திருந்தது. "கொண்டாடி இங்க, இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத கதையா? அவங்களைக் கேட்டு மனசை வேற நோக அடிக்கணுமா?" என்று வாங்கிக்கொண்டேன். ஒரே மத்தியானத்தில் பன்னிரண்டு பேருக்கும் பதில் நானே சொன்னேன், இவள் எழுதினாள். துணி வாங்கிப் போகிறவர்கள் சீட்டில் கையெழுத்துப் போடுவது நம் கடை வழக்கம் அல்லவா, அந்தச் சீட்டுக்குக் கீழே உன் படிவத்தை வைத்து ரெண்டு இடத்துல போடு என்றேன், எல்லாரும் போட்டார்கள். பெயின்டர் மகன், ஏணி என்று தெருவே கூப்பிடுகிறதே, அவன் மட்டும், "நாலு சட்டைக்கு ரெண்டு கையெழுத்தா? சட்டைய எழுதி வாங்கிக்கப் போறீங்களா அத்தை?" என்று கேட்டான், கேட்டுக்கொண்டே அவனும் போட்டான். பன்னிரண்டாவது படிவம் உன் தங்கையுடையது, அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். பத்து நாளில் எல்லாம் உனக்கு வந்துவிட்டன, நீயும் மெச்சி எழுதினாய்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் படிப்பில் விருப்பம் இல்லை என்று சொன்னது பெரிய முடிவு என்று உன் பேராசிரியை சொன்னதாகவும், அதை வைத்தே நான்காம் அத்தியாயம் எழுதிவிட்டதாகவும் சொல்லியிருந்தாய். நீங்கள் ரெண்டு பேரும் படித்த பள்ளியிலிருந்தே பழைய வருகைப் பதிவேடுகளைப் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு வாங்கி, அதில் மூன்றாம் அத்தியாயம் எழுதியதாகவும், ஒன்பதாம் வகுப்பில் பதினேழாம் எண் மாணவி ஒருத்தி ஐம்பத்து மூன்று நாள் வராமல் இருந்து பிறகு நின்றுவிட்டாள், விருப்பம் குறைவது முதலில் பதிவேட்டில்தான் தெரிகிறது என்பதற்கு அவளே உதாரணம் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு இதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் பதினேழு என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து, "அம்மா, அந்தப் பன்னெண்டும் உன்னோட பதில். அவங்க பதில் இல்ல. அக்கா அதை நம்பி எழுதிட்டா. மாத்தணும்" என்றாள். இவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன், தெரிஞ்சதைத்தானே சொன்னேன் என்று சண்டைக்குப் போனேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பிரேக் புடிக்காத வண்டிய சரியா இருக்குன்னு சீட்டு எழுதி ரோட்டுக்கு அனுப்பிட்டீங்க ரெண்டு பேரும்" என்றார்.  அதன் பிறகு இவளே போய்க் கேட்டாள், மூன்று வாரம் ஆனது. எப்படிக் கேட்டாள் என்பதை அவளே எழுதட்டும், கீழே யாரோ மணி அடிக்கிறார்கள், ஒரு கட்டுத் துணி இன்றைக்கே வேண்டுமாம். நான் போய்விட்டு வருகிறேன்.

அக்கா, இனி எழுதுவது நான். நீ கூடுதலாக வைத்திருந்த வெற்றுப் படிவத்தை நகல் எடுத்துக்கொண்டேன். கதவைத் தட்டி உட்கார்ந்து கேட்க எனக்கு வரவில்லை. இஸ்திரி போடும்போது கேட்டால் வருகிறது, ஏனென்றால் நான் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவர்களும் என் முகத்தைப் பார்க்கவேண்டாம். துணி ஆகும்வரை இருக்கச் சொல்லி, முதலில் எதற்குக் கேட்கிறோம் என்ற உன் தாளைப் படித்தேன், போன தடவை கையெழுத்து எதற்கு வாங்கினோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன், பிறகு ஒரு கேள்வி, ஒரு சட்டை, அடுத்த கேள்வி. சொன்னதை அவர்கள் எதிரிலேயே எழுதிப் படித்துக் காட்டினேன். பதினொரு பேரில் விருப்பம் இல்லை என்று சொன்னது ஒருவர்தான், லிஃப்ட் மெக்கானிக்கின் மகன். "புடிக்கல, அவ்ளோதான். இதுக்கு மேல என்ன எழுதுவ, ரெண்டு பக்கம் இருக்கு?" என்று சிரித்தான், மீதி இடத்தைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஏணி உயரமானவன் என்பதால் எப்போதும் கடைசி பெஞ்ச், கரும்பலகை தெரியவில்லை, தெரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியாதாம். பத்தொன்பது வயதில் கண்ணாடி போட்டிருக்கிறான். "போட்ட அன்னைக்குத்தான் எதிர் மாடிக் கொடியில என்னென்ன துணி காயுதுன்னு தெரிஞ்சுது, உடனே கழட்டிட்டேன்" என்றான். இரண்டையும் எழுதியிருக்கிறேன், இரண்டாவது வேண்டாமென்றால் நீ எடுத்துவிடு. கிளினிக்கைச் சுத்தம் செய்யும் அக்கா, "யாரும் நிக்கச் சொல்லல. தம்பிக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் போகல. மூணாவது நாள் எந்த முகத்தோட போறதுன்னு தெரியல. நாலாவது நாள் இன்னும் தெரியல" என்றார். அது போதுமா என்று கேட்டேன், அதுதான் எல்லாம் என்றார். பேக்கரிக்காரரின் இரண்டாவது மகள் பதில் சொல்லவில்லை. "என் காரணத்தை உங்க அக்காவுக்கு எதுக்குக் குடுக்கணும்? அவ அதை வெச்சுப் பட்டம் வாங்குவா. நான் என்ன வாங்குவேன்?" என்றார்.  வெறும் படிவமாகவே அனுப்பட்டுமா என்று கேட்டேன், அனுப்பு என்றார், அதுவும் உள்ளே இருக்கிறது. மற்ற ஏழும் அவரவர் சொன்னபடி.

பன்னிரண்டாவது படிவத்தை நான் திரும்ப எழுதியிருக்கிறேன். முதல் தடவை அம்மா, "விருப்பமில்ல, கைவேலைதான் புடிக்கும்னு போடு" என்றாள், நானும் போட்டேன், என் கையெழுத்தும் போட்டேன். ஏன் நின்றாய் என்ற ஏழாவது கேள்விக்கு என் பதில் இது. பதினேழாம் எண் நான்தான். அந்த வருஷம் வகுப்பில் ஐம்பத்தெட்டு பேர். காலையில் ஆசிரியை தலை நிமிராமல் எண்ணைக் கூப்பிடுவார், உள்ளேன் டீச்சர் என்று கேட்டால் கோடு, கேட்காவிட்டால் வட்டம். என் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடும், என் குரல் அவர் வரை போகாது. ஒரு நாள் கையைத் தூக்கினேன். "நான் என்ன உன் கையவா கேக்கறேன்? வாயத் தொற" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் முறை வரும்போது குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவள் சில நாள் எனக்காகச் சொன்னாள், அவளை இடம் மாற்றிவிட்டார்கள். நான் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை. வருஷக் கடைசியில் ஐம்பத்து மூன்று நாள் வரவில்லை, தேர்வு எழுத முடியாது, அதே வகுப்பில் மறுபடியும் உட்காரவேண்டும் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா, "அம்பத்திமூணு நாள் எங்கடி போன?" என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. நான் பேசாமல் நின்றதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஊர் சுற்றுகிறவளைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா கடைக்கு அழைத்துப் போனாள், நீ அப்போது விடுதியில் இருந்தாய், நாள் கணக்கை உனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கணக்குப் பிடிக்கும், வரைபடமும் பிடிக்கும். விருப்பம் இல்லாமல் நிற்கவில்லை. பதிவேட்டில் இருக்கும் வட்டத்துக்கெல்லாம் வராதவர்கள் என்றுதான் அர்த்தமா என்று நீ பார்க்கவேண்டும், என் மாதிரி இன்னும் யாராவது அதில் இருக்கலாம்.

நான் திரும்பி வந்துவிட்டேன் பெரியவளே, அம்மாதான். மடிக்கிற முன்னால் கடிதம் முழுதையும் எனக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது நம் வீட்டு ஏற்பாடு, உனக்கே தெரியும். இவள் தன் பங்கைத் தாண்டிப் படிக்கப் பார்த்தாள், இத்தனை வரிகளை விட்டுவிட்டுப் போகிறாயே என்று பிடித்துக்கொண்டேன். படித்தாள். சத்தம் வரவில்லை. நான் எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன், மறுபடி முதலிலிருந்து படி என்றேன். முழுதும் கேட்டது.

இதையும் எழுது என்று சொல்லி இவளை எழுதவைக்கிறேன், இவளுக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறாள். அந்த வருஷம் இவள் சீருடையை ஒவ்வொரு நாளும் தேய்த்தது நான். பாவாடையின் பின்பக்கம் பெஞ்சுப் பலகையின் விளிம்பு அழுத்தின கோடு தினமும் இருந்தது, குறுக்கே ஒரே நேராக. நாள் முழுக்க உட்கார்ந்தால்தான் அது விழும், ஊர் சுற்றுகிறவள் துணியில் விழாது. தண்ணீர் தெளித்து நானேதான் அதை எடுத்தேன். ஊரார் துணியையெல்லாம் பார்த்துக் கதை சொன்னவள் இதைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் நானே சொல்கிறேன்.

நீ செய்யவேண்டியது இது. முன்னால் வந்த பன்னிரண்டையும் கிழித்துவிடாதே, பேராசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டி, என் அம்மா இப்படிச் செய்துவிட்டார், பதில்கள் அவருடையவை என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள், என்னைத் திட்டச் சொல். கொடுக்கவேண்டிய தேதிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று தெரியும், தவணை கேள், தரமாட்டேன் என்றால் அடுத்த வருஷம் கொடு. ஒரு வருஷம் பிந்தினால் குடி முழுகிவிடாது. நான்காம் அத்தியாயம் இப்போது இருக்கிறபடி போனால், பேக்கரிக்காரர் மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் கிடையாது. சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டு திருத்தாதே, சாப்பிட்டுவிட்டுத் திருத்து. கோட்டுக்கு முழங்கைத் துணி வைத்து அனுப்பியிருக்கிறேன், அங்கேயே யாரிடமாவது தைத்துக்கொள். நீ எடுத்த காரியம் நல்லபடி முடியும், உன் உடம்பும் மனசும் ஒரு குறை இல்லாமல் இருக்கும், உன் அப்பாவும் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு படுக்கிறோம், எழுகிறோம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. மூன்றாம் அத்தியாயத்தில் பதினேழாம் எண்ணுக்கு நேரே திருத்தி எழுது. ஐம்பத்து மூன்று நாளும் வந்திருந்தாள். யார் சாட்சி என்று கேட்டால், சீருடை தேய்த்தவள் என்று போடு, கையெழுத்து உள்ளே பன்னிரண்டாவது படிவத்தின் அடியில் இருக்கிறது, இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்தே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுதியதும் சத்தமாகப் படித்ததும்: தங்கை