முதலில் குதிரைக்கு

செவ்வாய் கிரகம், வடக்கு நிலையம். பதிவு செய்பவன்: சேது, இயந்திரப் பிரிவு.

காலை 7.10
வெளியே மைனஸ் எழுபது. தூசி சுமார். ஆக்சிஜன் இயந்திரம் மறுபடி முனகுகிறது. வால்வு தேய்ந்துவிட்டது. ஆளில்லாத தெற்கு நிலையத்தில் அதே வால்வு கிடக்கிறது. பவுலின் எடுத்துவரப் போகிறாள். வண்டி ஓட்டுவது அவள் வேலை, இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது என் வேலை. இங்கே நாங்கள் இரண்டே பேர்.

நேற்றும் கௌபாய் படம்தான். கதாநாயகன் துப்பாக்கியை உருவியதும் பவுலின் படத்தை நிறுத்திவிட்டாள். எனக்கு எரிச்சல். "சுடுறதுல என்னல இருக்கு? அதுக்கு முந்தி, தான் குடிக்காம குதிரைக்குத் தண்ணி காட்டுனான் பாத்தியா, அதான் படம்" என்கிறாள். எங்கள் வண்டிக்கும் குதிரை என்றுதான் பெயர் வைத்திருக்கிறாள். அது சார்ஜ் ஏறி முடிகிறவரை சாப்பிடமாட்டாள். கிறுக்கு.

மதியம் 1.40
புயல். வால்வு கிடைத்துவிட்டதாம். திரும்புகிற வழியில் பாறையில் இடித்து வண்டியின் இரண்டு பேட்டரியில் ஒன்று காலி. இங்கே காற்று நாளை வரைக்கும்தான்.

மதியம் 3.05
ரேடியோவில் அவள் சொன்னது, அப்படியே:
"ஏல சேது, கேக்குதா? வால்வை சீட்டுல வச்சு பெல்ட் போட்டுட்டேன். குதிரைக்கு வழி தெரியும். வாரேன்ல."
நான் சொன்னது: "சீக்கிரம் வந்து தொலை. காபி ஆறுது."
சிரித்தாள். லைன் கட்.
வாசல் அறைக்குச் சூடு போட்டேன். வெளி விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டேன். இரண்டு தம்ளர் எடுத்து வைத்தேன்.

மாலை 5.50
வண்டி வந்தது. தானாக ஓடி வந்தது.
உள்ளே ஆள் இல்லை.
சீட்டில் வால்வு, பெல்ட் போட்டபடி. வண்டியின் பதிவில் எல்லாம் இருக்கிறது, அவள் இறங்கிய இடம் உட்பட. மிச்சமிருந்த ஒரு பேட்டரி மேடு ஏறாது என்று ஒவ்வொன்றாகக் குறைத்திருக்கிறாள். கேபின் சூடு. கேபின் காற்று. கடைசியில் பாரம் என்று அவளையே.
அந்தப் பேட்டரியும் இப்போது பூஜ்யம். வண்டியைத் திருப்ப முடியாது. கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சல் மட்டும்.
எங்கள் ஊரில் போகிறவர்கள் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். காபி ஆறுது என்றேன். காபி.

காலை 6.20
வால்வு பொருத்தியாயிற்று. காற்று வருகிறது. ஒரு ஆளுக்கு ஏராளம்.
அவள் உடையில் இருந்த காற்று எப்போதோ தீர்ந்திருக்கும். கணக்கு எனக்கும் வரும்.
குதிரை சார்ஜில் நிற்கிறது. நான் இன்னும் சாப்பிடவில்லை. அது முடியட்டும்.
ஒற்றைப் பேட்டரி அவள் இருக்கிற இடம் வரை எட்டும். திரும்புவதற்கு
சரி விடு.
இதைப் படிக்கிறவர் யாரானாலும் விளக்கை அணைக்க வேண்டாம்.
பவுலின், வாரேன்.