மஞ்சள் பாசியும் மணல் லாரியும்

பெர்த்,
செவ்வாய் மாலை.

அன்புள்ள வாரிக்,

நான் நலம். அந்தச் சுரங்கத்துச் செம்மண் தூசியிலும் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் மருந்தை உன் பையின் பக்கவாட்டு அறையில் வைத்திருந்தேன். இதைப் படிக்கும்வரை நீ பார்த்திருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் எவள் புருஷனுக்குக் காகிதத்தில் கடிதம் எழுதுகிறாள் என்று முகாமில் உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போனில் நான் குளம் என்று வாயெடுத்தாலே, “ராலீன், திரும்ப அந்தப் பேச்ச எடுத்தே, வச்சிருவேன்” என்கிறாய். வைத்தும் விடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கசக்கி எறியலாம். ஆனால் என்ன எழுதியிருந்தாளோ என்று யோசித்துக்கொண்டே மின்கம்பி வேலையில் கை வைப்பாய், அது ஆபத்து. ஆகவே படித்துவிடு.

முதலில் ஊர்ச் செய்தி. எதிர்வீட்டு டல்ஸி புதுக் கேரவன் வாங்கியிருக்கிறாள். நாடு முழுக்கச் சுற்றப் போகிறார்களாம். வண்டி இதுவரை வாசலை விட்டு நகரவில்லை, அவள் கணவன் மட்டும் அதற்குள் குடியேறிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் பேசிக்கொண்டதை அப்படியே ஒப்பிக்கிறேன்.

இனி நம் கொல்லைப்புற நீச்சல் குளம்.

போன தடவை கிளம்பும்போது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் நின்று, “அடுத்த லீவுக்குள்ள இது தெளியலேன்னா மணலக் கொட்டி மூடிருவேன். லாரிக்காரன்கிட்ட பேசியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ விமானம் ஏறினாய், நான் பிரஷ்ஷைத் தூக்கினேன். அன்றிலிருந்து வேறு வேலை பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பச்சைப் பாசியாக இருந்தால் சமாளித்திருப்பேன். அது முரட்டுப் பிள்ளை, குளோரினை அள்ளிக் கொட்டினால் அழுது அடங்கிவிடும். இது மஞ்சள் பாசி. நிழல் விழும் சுவரில் யாரோ கடுகுப் பொடி தூவிவிட்டுப் போனது போல உட்கார்ந்திருக்கும். பிரஷ்ஷைக் காட்டினால் போதும், மரியாதையாக எழுந்து போய்விடும். மறுநாள் காலையில் எதுவுமே நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். உன் தங்கை நம் வீட்டுக்கு வந்து தங்கும் விதம் எனக்கு ஞாபகம் வந்தது. மன்னித்துக்கொள்.

புட்டியில் தண்ணீரை மொண்டு நீச்சல்குளச் சாமான் விற்கும் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் க்ரேக் அதை இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, “தண்ணி தங்கமா இருக்கு கண்ணு. இதுல குழந்தையக் குளிப்பாட்டலாம்” என்றான். “தண்ணி தங்கந்தான்டா, சுவரும் தங்கக் கலர்ல இருக்கே” என்றேன். சிரித்துவிட்டு இன்னொரு வாளி குளோரினைத் தலையில் கட்டினான். தாடி வைத்தவன், நம் மகன் வயசு, என்னைக் கண்ணு என்கிறான். கோபம் வந்திருக்க வேண்டும். அப்படிக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லாததாலோ என்னவோ, வரவில்லை. அந்த வாரம் இன்னும் சில தடவை தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு பக்கத்து வீட்டு ஈவோவோடு சண்டை போட்டேன். யாராவது ஒருவரைக் குற்றம் சொல்லாமல் எனக்கு மூச்சு முட்டியது. அவருடைய ஊதாப்பூ ஜகரந்தா மரம் நம் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஏணியில் ஏறி நின்று கத்தினேன். அவர் திராட்சைக் கொடியை வெட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“ராலீன், மரம் இலை போடும். பூ போடும். பாசி போடாது” என்றார்.

“பின்ன எங்கேர்ந்து வருதாம்?”

“அத உன் குளத்தக் கேளு. இல்ல, உன் புருஷனக் கேளு.”

நான் ஏணியை விட்டு இறங்கிய அழகை மட்டும் நல்லவேளை யாரும் படம் எடுக்கவில்லை.

ஆனால் மனுஷர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மேலே படி, வாரிக். கோபப்படாதே, உட்கார்ந்துகொள்.

ஒரு நாள் காலையில் டீக்கோப்பையோடு கரையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திருடனைப் பிடிக்கிற போலீஸ் மாதிரி. முந்தின நாள் சுத்தமாகத் தேய்த்த சுவரில் மஞ்சள் திரும்பி வந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை அதன் வடிவத்தைக் கவனித்தேன். திட்டுத்திட்டாக இல்லை. வளைந்து வளைந்து, குடிகாரன் நடந்து போன தடம் போல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளத்தடியைச் சுத்தம் செய்யும் நம் இயந்திரம் தன் நீளக் குழாயை இழுத்துக்கொண்டு, அதே வளைவில், அதே தள்ளாட்டத்தோடு ஊர்ந்து வந்தது.

ஆமாம். உன் செல்லம். வீட்டு வாசல்களில் போட்ட பழைய பெரிய சாமான்களை நகராட்சி அள்ளுகிற வாரத்தில், டிரெய்லரை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்ந்து, எவனோ வாசல் புல்லில் போட்டிருந்ததைத் தூக்கி வந்தாயே, அதுதான். “வேலை செய்யிற சாமான வீசியிருக்கான் பாரு, முட்டாள்” என்று வழியெல்லாம் சிரித்தாய். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அதைக் கரையேற்றி, குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றித் தரையில் தட்டினேன். கஸ்டர்ட் மாதிரி மஞ்சள் கூழ் என் பாதத்தின் மேல் விழுந்தது. வயிற்றுப்புற ரப்பரைப் புரட்டினால் அங்கே ஒரு குடும்பமே வாழ்ந்துகொண்டிருந்தது. இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? ஒவ்வொரு தடவை குளோரினைக் கொட்டுவதற்கு முன்பும் அந்தச் சாமானைப் பத்திரமாக வெளியே எடுத்து நிழலில் படுக்க வைத்தேன். மருந்து பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். குளத்தில் இருந்ததையெல்லாம் கொன்றுவிட்டு, மிச்சத்தை நானே கையில் ஏந்திக் கொண்டுபோய் மறுபடி உள்ளே இறக்கியிருக்கிறேன். துண்டு விரிக்காததுதான் பாக்கி.

வந்த ஆத்திரத்தில் அதைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எடுத்த வீட்டு வாசலிலேயே திருப்பி வீசிவிடுவது என்று. படகு நிற்கும் அந்த மூலை வீடு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குழாயை முக்கி முனகி இழுத்துப் புல்லில் போட்டுக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. நோலீன் என்று ஒரு பெண், என் வயசு இருக்கும், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

“அய்யய்யோ, அத ஏங்க திரும்ப இங்க கொண்டாறீங்க? அந்தச் சனியன் தொலையட்டும்னுதானே வெளிய வச்சேன்!”

“ஒரு எச்சரிக்கையாவது எழுதி ஒட்டியிருக்கலாமில்ல?” என்றேன்.

“எழுதி ஒட்டினா யாரு எடுப்பாங்க?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வேறு என்ன செய்வது? உள்ளே கூப்பிட்டாள். குளம் எங்கே என்று கேட்டேன், வேலிக் கதவைத் திறந்து காட்டினாள். சுற்றிலும் குளத்துத் தளக்கற்கள் அப்படியே இருந்தன. ஏறி இறங்கும் கைப்பிடியும் இருந்தது, நேராகப் புல்லுக்குள் இறங்கியது. இந்தப் பாசியோடு போராடி அலுத்துப்போய் அவள் கணவர் மணல் கொட்டி மூடிவிட்டாராம். குழந்தைகள் தண்ணீரில் விழாமலிருக்க வைத்த வேலிக்கதவு பழையபடியே தானாகச் சாத்திக்கொள்கிறது, காப்பாற்ற எவரும் இல்லாமல்.

“நிம்மதியா இருக்குமே” என்றேன்.

“ரொம்ப நிம்மதி. புல் வெட்ட ஒரு ஆள் வர்றான்” என்றாள். “முன்னெல்லாம் பசங்க ஞாயித்துக்கிழமையானா வந்து குதிப்பாங்க. இப்ப போன் பண்றாங்க. நல்ல பசங்கதான். தவறாம பண்ணுவாங்க.”

அதற்கு மேல் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. சாமானைத் திரும்பக் காரில் ஏற்றி, நேராகக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டேன். அங்கே ஒருவர் ஆசையோடு நெருங்கி வந்தார். “தொடாதீங்க” என்று நான் கத்திய கத்தலில் அவர் தொப்பி கழன்று விழுந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரஷ், வலை, பிள்ளைகளின் மிதவைகள், உன் நீச்சல் கால்சட்டை என்று அந்தத் தண்ணீரைத் தொட்ட எல்லாவற்றையும் குளத்துக்குள்ளேயே போட்டு, குளோரினைக் கொட்டினேன். உன் கால்சட்டை நீலமாக இருந்தது, இப்போது இல்லை. ஃபில்டரைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஈவோவுக்கு ஆரஞ்சு கேக் செய்து கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன். கேக்கைத் தின்றுவிட்டு, “சரி, எந்தப் பக்கம் தேய்க்கணும்?” என்று பனியனோடு வந்து நின்றார். ஆளுக்கொரு சுவர் தேய்த்தோம். தலைவாரக்கூடத் தோளைத் தூக்க முடியவில்லை. ஆனால் நேற்று அடியில் கிடந்த ஒரு கொண்டை ஊசி கரையிலிருந்தே தெரிந்தது.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். இன்று காலை படிக்கட்டின் ஓரத்தில் மறுபடி மஞ்சளாக ஒரு கோடு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஈவோ வந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, “இது மகரந்தம். இதுக்கு வேணா என் மரத்தத் திட்டிக்க” என்றார். நம்பியிருக்கிறேன். நாளைக் காலை எழுந்து பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

மூடிவிட்டால் தொல்லை விட்டது என்கிறாய். விடும், வாரிக். நம் பிள்ளைகள் ஷோனாவும் ப்ரெட்டும் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவது என் சமையலுக்காக இல்லை என்று எனக்குத் தெரியாதா? ப்ரெட் தொப்பென்று குளத்தில் விழுந்து, எழுந்து, தலையை உதறிய பிறகுதான் “அம்மா எப்படியிருக்கே?” என்று கேட்கிறான். கேட்கிறானே, அது போதும்.

நீயும்தான். தரையில் உன்னிடமிருந்து மூன்று வார்த்தை பிடுங்குவதற்குள் எனக்கு வயசாகிவிடுகிறது. சுரங்கத்தில் அந்த ஆள் விழுந்ததை நீ சொன்னது குளத்தில்தான். கரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாய். வீட்டுக்குள் வந்து துண்டால் துடைத்துக்கொண்டதும் நிறுத்திவிட்டாய். மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

லாரிக்காரர் போன் செய்தார், மணல் எப்போது வேண்டும் என்று. வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. வாரிக் பேசுவார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது உன் வாயிலிருந்து வரட்டும். அடுத்த முறையும் லீவைத் தள்ளிப்போட்டுக் கூடுதலாக வேலை பார்க்க முடியுமா என்று மேலாளர் உன்னைக் கேட்டதாக உன் தங்கை சொன்னாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

விமானம் எந்த நாள் என்று மட்டும் சொல். போனில் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், சத்தியம்.

அங்கே இருக்கும்வரை கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். வந்துவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
ராலீன்