மூன்று அங்குலம் கூடுதல்

1931 பிப்ரவரி 2, ஃபைலி

ரூத் ஹல் நகரத்தில் டீச்சராகிவிட்டாள். எட்னாவுக்குப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. ரூபன் பத்தொன்பது வயதிலேயே எஸ்ராவின் படகில் முழு ஆள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள்! நேற்று ஜெபக்கூடத்தில் ரூபன் நான் பின்னிய நீல ஸ்வெட்டரோடு பாட நின்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடலுக்குப் போகிறவனுக்கு ஸ்வெட்டர் கை மணிக்கட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும்; நனைந்தால் அறுக்கும். தெரியும். ஆனால் போன தடவை துணிக்கடைக்காரர் மனைவி லாவினியா, "கம்பளி தீந்துபோச்சா கெசியா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாளே. மூன்று அங்குலம் கூட்டிப் பின்னினேன்.

பிப்ரவரி 16

அதையே போட்டுக்கொண்டு தூண்டில் கயிறு இழுக்கப் போகிறான். "ஆச்சி பின்னினதுதான் சூடு" என்கிறான். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 27

ஈரக் கம்பளி அறுத்து, ரூபன் மணிக்கட்டெல்லாம் உப்புக் கொப்புளம். வலது கை முழங்கை வரை சிவப்பு. டாக்டர் கீறிவிட்டார். இன்னும் மேலே ஏறினால் கையையே எடுக்கணுமாம்.

மருமகள் ஹன்னா அழுதாள். "எப்படி அத்தை ஆச்சு?"

"எஸ்ரா குடுத்த, மேல போடுற எண்ணெய்த்துணிச் சட்டை. மட்டமான சரக்கு."

நானா சொன்னேன்? நான்தான்.

மார்ச் 3

ஹன்னா கடற்கரையில் எஸ்ராவைப் பிடித்து, "எம்புள்ள கைய அறுக்கவா சட்டை குடுத்தீங்க?" என்று கத்தியிருக்கிறாள். மனுஷன் சாயங்காலம் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனார். என் பங்கை ரூபன் தட்டில் வைத்துவிட்டேன்.

மார்ச் 4

பொய்க்காரி.

மார்ச் 8

வீக்கம் வடிகிறது. விரல் அசைகிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ரூபன் மெதுவாகச் சொன்னான்: "ஸ்வெட்டர் கை நீளம்னு எனக்கு அன்னிக்கே தெரியும் ஆச்சி. நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

அடப்பாவி! எம்பெருமைக்கு உன் கையவா குடுப்பே?

ஹன்னாவைக் கூட்டிக்கொண்டு நேரே எஸ்ரா வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். எஸ்ரா, "எனக்கும் தெரியும் கெசியாக்கா. கையோட நீளத்தைப் பார்த்து, நீ மீன்பிடிக்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியான்னு பயலைக் கேலிகூட பண்ணேன். கழட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். ஹன்னா என் முகத்தையே பார்க்கவில்லை. தனியாக நடந்து வீடு வந்தேன்.

மார்ச் 9

ஸ்வெட்டர் கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவதே, நுனி கெட்டால் பிரித்துத் திருத்தத்தானே. பிரித்தேன். நூலில் ரத்தக் கறை. புது நூல் போட்டு, மணிக்கட்டுக்கு மேலேயே முடித்தேன்.

மே 11

ரூபன் ஷீல்ட்ஸ் துறைமுகத்திலிருந்து எழுதியிருக்கிறான். இப்போதும் எஸ்ரா படகில்தான். ஹன்னா கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். என்னோடு இன்னும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

பதில் எழுதினேன்: புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாதே, தழும்பு தெரியட்டும். உன் அம்மா பெயருக்கே அனுப்பு. அவளாக எனக்குக் காட்டினால் பார்க்கிறேன்.