கறுப்புப் பெயின்டுக்கு அடியில்

இந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். இது என் சித்தப்பாவுக்கு எழுதுவது. அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

சித்தப்பா, இரண்டு முறை சோப்புப் போட்டும் கையில் பெட்ரோல் வாசம் போகவில்லை. சாயங்காலம் அப்பா உங்கள் காரைத் துடைக்கச் சொன்னார். காலையில் அதை வாங்க நாமக்கல்லிலிருந்து ஓர் அண்ணனும் அவர் மனைவியும் வருகிறார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அவர்கள் வாங்கும் முதல் பழைய கார் இதுதானாம். அவரே ஓட்டிக்கொண்டு மலை இறங்கப் போகிறாராம்.

நீங்களும் அப்படித்தான் ஆசைப்பட்டீர்கள். நம் மலைமேல், வாழவந்தி நாட்டில் ஜீப் ஓட்டுகிற ஆளுக்குக் கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று ஊரே சிரித்தது. மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவாயா என்று அப்பா கேட்டார். இரண்டே சீட்டில் மிளகு மூட்டையை எங்கே வைப்பது என்பது அம்மாவின் கவலை. பேர் பெற்ற கார்கள் நமக்கு எட்டாது, யாரும் சீந்தாத சின்ன இஞ்சின் வண்டி என்றால் முடியும் என்று எனக்கு மட்டும் விளக்கினீர்கள். போனை என்னிடம் நீட்டுவீர்கள். விற்பவர்கள் எழுதியிருப்பதை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். "எங்க புள்ள இங்கிலீசு மீடியமுங்க" என்று ஜீப்பில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்வீர்கள்.

எனக்குப் பாதிதான் புரியும், சித்தப்பா. மீதியை நானே சேர்த்துக்கொள்வேன். நீங்கள் வாங்கிய அந்தக் கோயம்புத்தூர் காரைப் பற்றிய கடைசி நாலு வரி சுத்தமாகப் புரியவில்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அடியில எப்படி இருக்குதாம் கண்ணு?"

"துரு இல்லையாம்" என்றேன்.

லாரியில் கார் வந்து இறங்கிய மறுநாள் நீங்கள் அடியில் படுத்துப் பார்த்தீர்கள். கறுப்புப் பெயின்டு நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினீர்கள். பழுத்த பலாவுக்குள் போவதுபோல் உள்ளே போனது. ஓடிப்போய் அந்த நாலு வரியையும் அகராதி வைத்துப் படித்தேன். காரையே தாங்கும் அடிச்சட்டம் துருப்பிடித்து இற்றுவிட்டது, வெட்டி எடுத்து வேறு வைக்காமல் ஓட்டக் கூடாது என்று விற்றவர் தெளிவாகவே எழுதியிருந்தார். அழுதுகொண்டே சொன்னேன்.

நீங்கள் திட்டவில்லை. "இஞ்சின் போனா வேற போட்டுக்கலாம். இது எலும்பாச்சே சாமி" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, நான் தப்பாகப் படித்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றீர்கள். அதற்குப் பிறகு, ஏன் ஓட்டவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான், பார்ட்ஸ் வரணுமுங்க. கொட்டகைக்குள்ளேயே ஊர் சுற்றுகிறான் என்று டீக்கடையில் பேசினார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். இஞ்சினை மட்டும் சரிசெய்து, தினமும் ஓடவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். மார்வலி வந்த அன்று காலையிலும் அதில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

இஞ்சின் ஓடுவதால் கார் நன்றாக இருப்பதாகவே அப்பா நினைக்கிறார். விற்பனைக்கு இங்கிலீஷில் எழுது கண்ணு என்று போன வாரம் போனைக் கொடுத்தார். எழுதினேன். துரு இல்லை என்றும் எழுதினேன். அதை எழுதாவிட்டால் ஏன் என்று அப்பா கேட்பார், பழையதெல்லாம் வெளியே வரும் என்று பயம். இந்த முறை ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும்.

இன்றைக்கு அந்த அண்ணன் போனில் துருவைப் பற்றித்தான் கேட்டார். அப்பா போனை என் காதில் வைத்தார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். பின்னால் அந்த அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. மலை இறங்க எழுபது வளைவு, சித்தப்பா. ஏதாவது ஒன்றில் சட்டம் முறிந்தால் அந்த அக்காவும் பக்கத்து சீட்டில் இருப்பார்.

நீங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை நான் உடைக்க வேண்டும். அப்பா அடிப்பார். அடிக்கட்டும். இனி எதையும் என்னிடம் படிக்கக் கொடுக்க மாட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அவர்கள் வருவதற்கு முன்னால்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். விளக்கு எரிகிறதே என்று கேட்கிறார். சித்தப்பா, இப்போதே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி