விலாவில் போட்ட மைக்குறி

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் நோய்நொடி இல்லாம இருக்கீங்கன்னே நம்புறேன். நான் இருக்கேன். அப்பாவை உள்ள கொண்டுபோயாச்சு, கதவுக்கு மேல சிவப்பு விளக்கு எரியுது. போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். கெட்டுப்போன இடது கிட்னியை எடுக்கறாங்க, வலது நல்லா இருக்கு, அது ஒண்ணு போதும் காலந்தள்ளன்னு டாக்டர் சொன்னார். உங்கப்பா எதுக்கும் தலையாட்டுற ஆளாச்சே, முன்னே ஒருதடவை முடிவெட்டுறவர் மீசையையும் எடுக்கட்டுமான்னு கேட்டதுக்குத் தலையாட்டிட்டு மொழுமொழுன்னு வந்து நின்னாரே, நீகூட யாரோன்னு பயந்து அழுதியே. சரி, விஷயத்துக்கு வரேன். காலையில நர்ஸ் அவரைக் குளிப்பாட்டச் சொன்னா. விலாவுல யாரோ பேனாவால கிறுக்கியிருந்தாங்க, என்னைத்தான் உனக்குத் தெரியுமே, சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு எடுத்துட்டேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையா இருக்கிற அக்கா பாத்துட்டு, அய்யய்யோ, எந்தப் பக்கம் வெட்டணும்னு டாக்டர் போட்ட குறியாச்சே அது, தரையைத் தேய்க்கிற மாதிரியா புருஷனைத் தேய்ப்பாங்கன்னா. எனக்கு உசிரே போச்சு. நர்ஸ் திட்டுவாளேன்னு அந்த அக்காகிட்டயே பேனா வாங்கி, அப்பாவைக் கட்டில்ல உக்காரவச்சு, நேரெதிர்ல குனிஞ்சு, என் இடது கைப் பக்கமா அதே மாதிரி போட்டுவிட்டுட்டேன். இப்ப எதிர் பெஞ்சில ஒருத்தர் உக்காந்தே தூங்குறார், இடது கையில கடிகாரம். அந்தக் கை எனக்கு வலது பக்கமா இருக்கு. அப்படின்னா நான்

அந்த வரியோட எழுந்து ஓடிட்டேன் கண்ணு. கதவை ரெண்டு கையாலயும் இடிச்சேன். வெளிய வந்த நர்ஸ், இது என்ன உங்க வீட்டுக் கதவான்னு கத்தினா. குறி நான் போட்டதும்மா, பக்கம் மாறிப்போச்சுன்னேன். முகம் வெளுத்து உள்ள ஓடினா. வலது பக்கம் மருந்து பூசி, துணி போத்தி, கத்தியைக் கையில எடுக்கிற நேரமாம். வெட்டுறதுக்கு முன்னாடி ஸ்கேன் படத்தைப் பாத்திருப்போம், கண்டுபிடிச்சிருப்போம்னு அப்புறம் சொன்னாங்க. இருப்போம்னா என்ன அர்த்தம்? டாக்டர் என்னைத் திட்டவே இல்ல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. இது என் குறிதானான்னு நானும் பாக்கல, எந்தப் பக்கம்னு இங்க ஒருத்தரும் கேக்கலன்னு மட்டும் சொன்னார்.

எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, அப்பா தூங்குறார். அடுத்த மாசம் பேரனுக்குக் காதுல ஆபரேஷன்னியே, குறி அழிஞ்சா நீயாப் போட்டுவிடாதே, வெக்கப்படாம கூப்பிட்டுச் சொல்லு. எந்தக் காதுன்னு எத்தனை பேர் கேட்டாலும் சலிக்காம சொல்லு, யாருமே கேக்கலன்னா நீ கேளு. எல்லாரும் நல்லா இருங்க, என் ஆயுசும் சேத்து இருங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு. அப்பாவோட வலது விலாவுல அந்த மஞ்ச மருந்துக் கறை அப்படியே இருக்கு. பக்கத்துக் கட்டில் அக்கா ஈரத்துணி நீட்டினா. நான் வாங்கல.

உன் அம்மா